அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ஆட்சேர்ப்பில் கல்வித் தகுதி

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ஆட்சேர்ப்பில் கல்வித் தகுதி என்பது, உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர் ஒருவர் கல்லூரி அணியில் ஆடவும் அதற்கான உதவித்தொகை பெறவும் பள்ளிப் படிப்பில் எட்டியிருக்க வேண்டிய குறைந்தபட்ச நிலையாகும். இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தைக் குறிக்கும். தமிழகத்தில் ஆடப்படும் கால்பந்து அன்று.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நெறிப்படுத்தும் முதன்மை அமைப்பு 1906-இல் தோன்றிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். சுருக்கமாக என்சிஏஏ எனப்படும். அதன் முதல் பிரிவில்தான் பெரிய பல்கலைக்கழகங்களின் அணிகள் உள்ளன. தொழில்முறைக் கால்பந்துக்குச் செல்லும் வழி பெரும்பாலும் இந்த அணிகள் வழியாகவே போகிறது. ஆகவே பதினேழு பதினெட்டு வயதில் ஒரு மாணவர் தகுதி இழந்தால், ஓராண்டு ஆட்டம் மட்டுமல்ல, கல்லூரிப் படிப்புக்கான செலவை ஏற்க இருந்த ஒரே வழியும் அவருக்கு அடைபடலாம்.

பட்டயம் வேறு, தகுதி வேறு

பல பெற்றோர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். உயர்நிலைப் பள்ளியை முடித்ததற்கான பட்டயம் பெற்றுவிட்டால் போதும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். பட்டயத்தை வழங்குவது பள்ளி. தகுதியை முடிவு செய்வது என்சிஏஏ-யின் தகுதி மையம். இரண்டுக்கும் கணக்கு வேறு.

தகுதி மையம் எல்லாப் பாடங்களையும் எடுத்துக்கொள்வதில்லை. ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு ஆண்டுகளில் 16 அடிப்படைப் பாடங்களை மட்டும் பார்க்கிறது. அவற்றில் ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, சமூக அறிவியல் 2. ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றிலிருந்து கூடுதலாக 1. மீதி 4 பாடங்களை இவற்றிலிருந்தோ அயல்மொழி, மெய்யியல், சமய ஒப்பாய்வு ஆகியவற்றிலிருந்தோ எடுக்கலாம். கணிதத்தில் இயற்கணிதம் முதல் நிலைக்குக் கீழ் உள்ள எதுவும் கணக்கில் வராது. உடற்கல்வி, தொழிற்கல்வி, பின்தங்கிய மாணவருக்கான அடிநிலை வகுப்புகள் ஆகியவையும் சேராது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஏற்கப்பட்ட பாடங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் இல்லாத வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கினாலும் பயனில்லை.

இந்த 16 பாடங்களில் சராசரியாக 2.3 தரப்புள்ளி வேண்டும். ஏ தரத்துக்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2, டி-க்கு 1 என்பது கணக்கு. பார்ப்பதற்கு இது எளிய இலக்கு. சி தரத்துக்குச் சற்று மேலே இருந்தால் போதும். ஆனால் இதனுடன் ஒரு காலக்கெடு சேர்ந்துகொள்கிறது.

பத்துக்கு ஏழு விதி

2016-இல் கல்லூரியில் சேர்ந்தவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்த விதி இது. பள்ளியின் ஏழாவது பருவம், அதாவது கடைசி ஆண்டு, தொடங்குமுன் 16 பாடங்களில் 10-ஐ முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். கடைசி ஆண்டு தொடங்கியதும் இந்தப் பத்துப் பாடங்களின் தரம் பூட்டப்பட்டுவிடும். மீண்டும் படித்து உயர்த்த முடியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். ஒரு மாணவர் கடைசி ஆண்டில் நுழையும்போது பத்துப் பாடங்களை முடித்திருக்கிறார். எட்டில் சி, இரண்டில் டி. மொத்தம் 18 புள்ளி. 16 பாடங்களுக்கு 2.3 சராசரி வேண்டுமானால் குறைந்தது 37 புள்ளி தேவை. மீதமுள்ள ஆறு பாடங்களில் அவர் 19 புள்ளி எடுக்க வேண்டும். ஐந்து பாடங்களில் பி, ஒன்றில் ஏ. மூன்று ஆண்டுகளாக பி தரத்தை எட்டாத மாணவர், கால்பந்துப் பருவம் நடந்துகொண்டிருக்கும் ஆண்டில் திடீரென்று அதற்குமேல் எடுக்க வேண்டும். எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி பெற்று, பட்டயம் உறுதியாகிவிட்ட மாணவர் இவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

முன்பெல்லாம் கடைசி ஆண்டிலும் அதன் பின் வரும் கோடையிலும் பாடங்களைத் திரும்பப் படித்து மேலே வர முடிந்தது. அந்த வாய்ப்பை இவ்விதி பெருமளவு அடைத்தது. பெரும்பாலான ஆட்டக்காரர்கள்மீது பயிற்சியாளர்களின் பார்வை விழுவது பத்தாம், பதினோராம் வகுப்புகளில்தான். தகுதிக்கான கடிகாரமோ ஒன்பதாம் வகுப்பிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. எவரும் தேடி வராத பதினான்கு வயதில் எடுத்த டி, மூன்று ஆண்டுகள் கழித்து வந்து வழிமறிக்கிறது. பள்ளி ஆலோசகர் ஒருவர் நூற்றுக்கணக்கான மாணவர்களைக் கவனிக்கும் ஏழைப் பகுதிப் பள்ளிகளில் இதை உரிய நேரத்தில் எடுத்துச் சொல்ல ஆள் கிடைப்பது அரிது.

சராசரி 2.0-க்கும் 2.3-க்கும் இடையில் நின்றவர்களுக்கு ஓர் இடைநிலை உண்டு. அவர்கள் உதவித்தொகை பெறலாம், முதல் பருவத்தில் பயிற்சி செய்யலாம், முதலாண்டு போட்டியில் ஆட முடியாது. அதற்கும் கீழே இருப்பவர் தகுதியற்றவர். முதலாண்டில் ஆட்டம், பயிற்சி, விளையாட்டு உதவித்தொகை மூன்றும் இல்லை.

விதிகள் வந்த வழி

1960-களின் நடுவில் வந்த 1.600 விதி, கல்லூரியில் ஒரு மாணவர் எடுக்கக்கூடிய தரத்தை முன்கூட்டியே கணிக்க முயன்றது. 1973-இல் அது கைவிடப்பட்டு, உயர்நிலைப் பள்ளியில் 2.0 சராசரி இருந்தால் போதும் என்றானது. எந்தப் பாடம் என்ற கேள்வியே அப்போது இல்லை.

அதன் விளைவு 1980-களில் வெளியே தெரிந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் பின்தங்கிய மாணவருக்கான ஆங்கிலப் பிரிவில் பணியாற்றிய ஜான் கெம்ப் என்ற ஆசிரியை, அடிநிலை ஆங்கிலத்தில் தேறாத ஒன்பது கால்பந்து வீரர்கள் 1981-இல் மேல்நிலைக்கு மாற்றப்பட்டதை எதிர்த்தார். அந்த மாற்றத்தால் அவர்கள் சுகர் பௌல் போட்டியில் ஆட முடிந்தது. கெம்ப் பணியிழந்தார், வழக்குத் தொடுத்தார், 1986-இல் வென்றார். நடுவர் குழு அவருக்கு 25 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது. பின்னர் அத்தொகை குறைக்கப்பட்டது. பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். 1989-இல், ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் இருந்து பிறகு தொழில்முறை ஆட்டத்தில் புகழ்பெற்ற டெக்ஸ்டர் மேன்லி, தமக்கு எழுதப் படிக்கத் தெரியாமலே கல்லூரியைக் கடந்துவந்ததாக அமெரிக்க செனட் குழு முன் கண்ணீருடன் கூறினார். அவருடைய ஆட்டத்தைக் கைதட்டி ரசித்தவர்களில் எத்தனை பேர் அவருடைய விடைத்தாளைப் பார்த்திருப்பார்கள் என்பது கேட்கத் தக்க கேள்வி.

இதற்கிடையில் 1983-இல் நிறைவேறி 1986-இல் நடைமுறைக்கு வந்தது 48-ஆம் தீர்மானம். 11 அடிப்படைப் பாடங்களில் 2.0 சராசரியும், எஸ்ஏடி தேர்வில் 700 அல்லது ஏசிடி தேர்வில் 15 மதிப்பெண்ணும் கேட்டது அது. 1989-இல் வந்த 42-ஆம் தீர்மானம், இவற்றுள் ஒன்றை மட்டும் எட்டியவர்களுக்கு உதவித்தொகையையும் மறுத்தது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்சன் ஆட்டம் தொடங்கும் வேளையில் அரங்கை விட்டு வெளியேறி எதிர்ப்பைக் காட்டினார். கறுப்பின ஏழை மாணவர்களைத்தான் இது வெளியே தள்ளும் என்பது அவர் வாதம். டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ், அவரும் கறுப்பினத்தவர், கடுமையான விதிகளை ஆதரித்தார். எதிர்பார்ப்பைத் தாழ்த்துவதே அந்த மாணவர்களுக்குச் செய்யும் தீங்கு என்றார். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. 42-ஆம் தீர்மானம் அடுத்த ஆண்டே தளர்த்தப்பட்டது.

பின்னர் வந்த 16-ஆம் தீர்மானம் பாடங்களை 13 ஆக்கி, தரப்புள்ளி குறைந்தால் தேர்வு மதிப்பெண் கூட வேண்டும் என்ற சறுக்கு அளவை 1996 முதல் நடைமுறைப்படுத்தியது. தேர்வு மதிப்பெண் எல்லை இனப் பாகுபாட்டுக்கு வழிவகுக்கிறது என்று தொடுக்கப்பட்ட வழக்கில் 1999 மார்ச்சில் பிலடெல்பியா கூட்டாட்சி நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆண்டு முடிவதற்குள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பாடங்களின் எண்ணிக்கை 2008-இல் 16 ஆனது. எஸ்ஏடி, ஏசிடி தேவை 2023 ஜனவரியில் நிரந்தரமாக நீக்கப்பட்டது. தேர்வு போனதால் சுமை முழுவதும் பள்ளித் தரப்புள்ளியின்மேல் ஏறியிருக்கிறது.

குறுக்கு வழிகள்

தரப்புள்ளி எங்கே முக்கியமோ அங்கே அதை விற்பவர்களும் தோன்றுவார்கள். மயாமியில் இயங்கிய ஓர் அஞ்சல்வழிப் பள்ளி, ஆட்டக்காரர்களுக்குச் சில வாரங்களில் நல்ல தரங்களை வழங்கிவந்ததை 2005-இல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. அதன்பின் என்சிஏஏ பள்ளிகளையே ஆராய்ந்து சிலவற்றின் சான்றுகளை ஏற்க மறுக்கத் தொடங்கியது. மைக்கேல் லூயிஸ் எழுதிய ‘தி பிளைண்ட் சைட்’ நூலின் நாயகரான மைக்கேல் ஓஹர், பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் தொலைவழிப் பாடங்களின் துணையுடன் தரப்புள்ளியை உயர்த்தித் தகுதி பெற்றவர். அவ்வகைப் பாடங்களை ஏற்பதை 2010-இல் என்சிஏஏ நிறுத்தியது. ஒருவருக்குத் திறந்த கதவு, சில ஆண்டுகளில் அதே நிலையில் இருந்த மற்றவருக்கு மூடியிருந்தது.

தகுதி பின்னாளில் பறிபோவதும் உண்டு. கூடைப்பந்தில், மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தின் 2007–08 பருவத்து 38 வெற்றிகள், ஓர் ஆட்டக்காரரின் எஸ்ஏடி மதிப்பெண் செல்லாது என அறிவிக்கப்பட்டதால் ஏடுகளிலிருந்து நீக்கப்பட்டன.

பயிற்சியாளரின் கணக்கு

ஒரு பயிற்சியாளருக்குத் தகுதி இழப்பு என்பது பலரில் ஒருவர் குறைவது. அந்த இழப்பை அவர் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஓராண்டில் 25 பேரைத்தான் புதிதாகச் சேர்க்கலாம் என்ற வரம்பு இருந்த காலத்தில், 2009 பிப்ரவரியில் மிசிசிப்பி பல்கலைக்கழகம் 37 பேரிடம் கையெழுத்து வாங்கியது. சிலர் எப்படியும் தகுதி பெறமாட்டார்கள் என்பதே இத்தகைய கணக்கின் அடிப்படை. அப்பல்கலைக்கழகம் இடம்பெற்ற தென்கிழக்கு மாநாடு அதே ஆண்டு 28 என்ற உச்சவரம்பை விதித்தது. பின்னர் அதை 25 ஆகக் குறைத்தது.

தகுதி பெறாதவர்கள் ஈராண்டுக் கல்லூரிகளுக்கு அனுப்பப்படுவார்கள். மிசிசிப்பி, கேன்சஸ் மாநிலங்களில் இவை கால்பந்துக்குப் பேர்போனவை. 2016-இல் வெளிவந்த நெட்ஃபிளிக்ஸ் ஆவணத் தொடரான ‘லாஸ்ட் சான்ஸ் யூ’, கிழக்கு மிசிசிப்பி சமுதாயக் கல்லூரியின் வகுப்பறையையும் மைதானத்தையும் சேர்த்துக் காட்டியது. ஆனால் தகுதியற்றவராக அங்கே போனவர் திரும்ப முதல் பிரிவுக்கு வர, ஈராண்டுப் பட்டமும் 2.5 சராசரியும் வேண்டும். பள்ளியில் எட்ட முடியாத 2.3-ஐவிட இது கூடுதல்.

சேர்ந்த பின்னும் கணக்கு முடிவதில்லை. முதல் பருவத்திலேயே பாடங்களில் போதிய அலகுகளை முடிக்க வேண்டும். கால்பந்து வீரர் இலையுதிர் பருவத்தில் 9 அலகுகள் பெறத் தவறினால், அடுத்த ஆண்டின் முதல் நான்கு ஆட்டங்களை இழக்க நேரிடும். இரண்டாம் ஆண்டு முடிவில் தம் பட்டப்படிப்பில் 40 விழுக்காடும், மூன்றாம் ஆண்டில் 60-உம், நான்காம் ஆண்டில் 80-உம் முடிந்திருக்க வேண்டும். 2024 முதல், கல்வித் தகுதி உள்ள ஆட்டக்காரர் எத்தனை முறை வேண்டுமானாலும் பல்கலைக்கழகம் மாறி உடனே ஆடலாம். மாறும் இடத்தில் பழைய பாடங்கள் ஏற்கப்படாவிட்டால் இந்த விழுக்காட்டில் சறுக்கல் ஏற்படும்.

அணி முழுவதற்கும் கல்வி முன்னேற்ற வீதம் என்ற மதிப்பெண் உண்டு. 1000-க்கு 930-க்குக் கீழே போகும் அணிக்குத் தண்டனை. 2014-இல் ஐடஹோ பல்கலைக்கழகக் கால்பந்து அணி பருவத்துக்குப் பிந்தைய போட்டிகளில் ஆட இதனால் தடைபெற்றது. எல்லைக்கோட்டில் இருக்கும் மாணவரைச் சேர்க்கப் பயிற்சியாளர் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிநாட்டு மாணவர்களுக்கும் இதே தகுதி மையம்தான். நீச்சல், டென்னிஸ், தடகளம் போன்றவற்றில் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் சேர விரும்பும் இந்திய மாணவர்களும் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தங்கள் மதிப்பெண் பட்டியல்களை அனுப்ப வேண்டியிருக்கும். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் பத்திரப்படுத்தி, ஒன்பதாம் வகுப்பு அட்டையைத் தூக்கி எறிந்துவிடும் வீடுகள் நம்மிடம் குறைவில்லை.