புள்ளி எங்கிருந்து வந்தது?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் ஒரு மாதத் தேர்வு நடந்தது. வினாத்தாளில் இப்படி ஒரு கணக்கு: குவியத் தூரம் 10 செ.மீ. உள்ள குவிலென்சிலிருந்து 15 செ.மீ. தொலைவில் ஒரு பொருள் இருக்கிறது. பிம்பம் எங்கே தோன்றும்? விடை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். லென்சின் மறுபுறம் 30 செ.மீ. தொலைவில், தலைகீழான மெய் பிம்பம்.

ஒரு மாணவி மட்டும் நேரான மாய பிம்பம் என்று எழுதியிருந்தாள். நானும் தயங்காமல் சுழியம் போட்டேன். மறுநாள் அவள் தன் வினாத்தாளோடு வந்து நின்றாள். “சார், என் தாளில் 1.5 செ.மீ. என்றுதானே இருக்கிறது?” என்றாள். வாங்கிப் பார்த்தேன். 1-க்கும் 5-க்கும் நடுவே ஒரு கரும்புள்ளி! பொருள் குவியத் தூரத்துக்குள் இருந்தால் மாய பிம்பம்தானே தோன்றும்? அவள் கணக்கு சரி. பிழை செய்தது நகல் எடுத்த எந்திரம்.

மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். பிறகு மற்ற மாணவர்களின் வினாத்தாள்களையும் வாங்கி மேசைமேல் பரப்பினேன். எல்லாத் தாளிலும் புள்ளிகள் இருந்தன. தாளுக்குத் தாள் அவற்றின் இடம் மேலும் கீழுமாக மாறியிருந்தது. அளவுகோலால் அளந்தேன். எந்தத் தாளை எடுத்தாலும் ஒரு புள்ளிக்கும் அதன் நேர்கீழே உள்ள அடுத்த புள்ளிக்கும் இடையே 94 மி.மீ.! குற்றவாளியைப் பிடிக்க இந்த ஓர் எண் போதும். எப்படி என்று பார்ப்போமா?

எந்திரத்தின் உள்ளே

உலர்ந்த தலையில் சீப்பை வாரி, காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுசென்றால் அவை தாவி ஒட்டிக்கொள்ளும். சீப்பில் உண்டான நிலைமின்னூட்டமே காரணம். நகல் எந்திரமும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான செஸ்டர் கார்ல்சன். 1938 அக்டோபர் 22 அன்று, நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டினார்கள் அவரும் அவருடைய உதவியாளரும். தேதியும் ஊர்ப்பெயரும் மையால் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன்மேல் வைத்துப் பலத்த ஒளி பாய்ச்சினார்கள். பிறகு நுண்ணிய தூளைத் தூவி ஊதியதும் எழுத்துக்கள் மட்டும் தூளாக நின்றன! இந்தச் சோதனை முழு எந்திரமாக வளர்ந்து ‘ஜெராக்ஸ் 914’ என்ற பெயரில் அறிமுகமாக 1959 ஆயிற்று.

இன்றைய எந்திரத்தின் இதயம், மெக்கானிக்குகள் ‘டிரம்’ என்று சொல்லும் உருளை. அதன் மேற்பூச்சு இருளில் மின்சாரத்தைக் கடத்தாது. ஒளி பட்ட இடத்தில் கடத்தும். முதலில் உருளை முழுவதும் மின்னூட்டப்படுகிறது. எழுத்து விழவேண்டிய இடங்களில் மட்டும் லேசர் ஒளி படுகிறது. அங்கே மின்னூட்டம் கசிந்துவிடுகிறது. ‘டோனர்’ என்னும் பொடி அந்த இடங்களில் போய் ஒட்டுகிறது. மின்விசையால் பொடி தாளுக்கு இழுக்கப்படுகிறது. அடுத்து, சூடான உருளையொன்று பொடியிலுள்ள பிளாஸ்டிக்கை உருக்கித் தாளோடு பதிக்கிறது. உருளையில் மிஞ்சிய பொடியை ஒரு ரப்பர்த் தகடு வழித்தெடுக்கிறது. உடனே அடுத்த சுற்று!

94 சொல்லும் செய்தி

சைக்கிள் டயரில் ஓரிடத்தில் சாணம் ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் சாலையில் ஒரு முத்திரை விழும். இரண்டு முத்திரைகளுக்கு இடையே உள்ள தூரம் சக்கரத்தின் சுற்றளவு. சுற்றளவைக் கொண்டு விட்டத்தைக் கணக்கிடலாம் அல்லவா? 94-ஐ 3.14-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 30. ஆக, குறை 30 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையில் இருக்கிறது.

எங்கள் எந்திரத்தின் டிரம் 30 மி.மீ. விட்டமுடையது. மெக்கானிக் அதைக் கழற்றிக் காட்டினார். குண்டூசி முனையளவு பூச்சு பெயர்ந்திருந்தது. அந்த இடத்தில் ஒளி படாமலே மின்னூட்டம் கசிந்தது, பொடி ஒட்டியது. தாளின் நீளம் 297 மி.மீ. அது 94-இன் முழு மடங்கு அன்று. தாள்களுக்கு நடுவே இடைவெளியும் உண்டு. அதனால்தான் தாளுக்குத் தாள் புள்ளி நகர்ந்தது. நாற்பது பேரில் ஒருத்தியின் தாளில் மட்டும் அது தசமப் புள்ளியாகப் போய் அமர்ந்தது!

ஓர் எச்சரிக்கை. சில உருளைகள் தாளைவிட வேகமாகச் சுழலும். அவற்றுக்கு இந்த வகுத்தல் சரிவராது. அதற்காகவே மெக்கானிக்கின் கையேட்டில் எந்தத் தூரம் எந்த உருளைக்கு உரியது என்று அட்டவணை தந்திருப்பார்கள்.

மூன்று சோதனைகள்

எல்லாக் குறைக்கும் டிரம்மைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு பகுதியாக விலக்கிப் பாருங்கள்.

1. கண்ணாடிமேல் வெள்ளைத்தாளை வைத்துப் பல நகல் எடுங்கள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே புள்ளி என்றால் அழுக்கு கண்ணாடியில் இருக்கிறது. மென்மையான துணியால் துடைத்தால் போதும்.

2. தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் மேல்தட்டில் வைத்து எடுத்தால் மட்டும் நீளமான கோடு விழுகிறதா? அங்கே எந்திரத்தின் ‘கண்’ அசையாமல் இருக்க, தாள் நகர்கிறது. ஒடுங்கிய கண்ணாடிப் பட்டையில் ஒட்டிய ஒரு தூசியே கோடாக நீண்டுவிடுகிறது.

3. கணிப்பொறியிலிருந்து நேரே அச்சிட்டுப் பாருங்கள். இதற்குக் கண்ணாடி தேவையில்லை. அப்போதும் குறை தெரிந்தால் அது டிரம், பொடி, சூட்டு உருளை இவற்றின் பக்கம் இருக்கிறது.

விரலால் தேய்த்தால் எழுத்து அழிகிறதா? சூடு போதவில்லை, அல்லது தாள் மிகத் தடிப்பானது. மழைக்காலத்தில் எழுத்து திட்டுத்திட்டாக வெளிறுகிறதா? ஈரம் உறிஞ்சிய தாள் மின்னூட்டத்தைக் கசியவிடுகிறது. அதனால் பொடி சரியாக இழுபடுவதில்லை. தாள்கட்டின் உறையைத் தேவைப்படும்போது மட்டும் பிரியுங்கள்.

காரணம் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. எந்திரத்தைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை. உள்ளே உயர் மின்னழுத்தமும் கையைச் சுடும் உருளையும் உண்டு.

இப்போதெல்லாம் வினாத்தாளில் எண்ணை எழுதினால் பக்கத்திலேயே எழுத்தாலும் எழுதிவிடுகிறேன். விடை விசித்திரமாக இருந்தால், சுழியம் போடும் முன் அந்த மாணவரின் வினாத்தாளையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன்.

உங்களுக்கு ஒரு கணக்கு: ஒரு நகலில் கரும்புள்ளிகள் 75 மி.மீ.க்கு ஒன்றாக விழுகின்றன. உருளை தாளின் வேகத்திலேயே சுழல்கிறது என்றால் அதன் விட்டம் என்ன?