அன்னதானமும் அறமும்

அன்னதானமே சிறந்த தானம் என்று மேடைதோறும் கேட்கிறோம். பசி நீக்குவதே சீவகாருணியத்தில் முதன்மையானது என்று போதித்த வள்ளலார், போதனையோடு நிற்கவில்லை. 1867-இல் வடலூரில் தருமச்சாலை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. வந்தவரின் சாதி, சமயம் கேளாமல் பசி ஒன்றையே அச்சாலை பார்த்தது.

வடலூரைப் போலவே பினாங்கிலும் தைப்பூசமே பெருவிழா. தண்ணீர்மலை செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள். உபயகாரர்களின் தாராள மனத்தைப் போற்றுகிறேன். ஆயினும் உண்டவரே மீண்டும் உண்பதையும், மிஞ்சிய சோறு குப்பைக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன். கொடுத்தவருக்கு மனநிறைவு; பசித்தவருக்கோ எட்டவில்லை.

அன்பர்களே, பந்தல் நடத்துவோர் முன்கூட்டியே கலந்து பேசி அளவாகச் சமைக்கலாம். மீதமாகும் பணத்தில் ஆதரவற்றோர் இல்லங்களுக்கு ஆண்டு முழுவதும் உணவளிக்கலாம். பசித்தவர் வயிற்றைச் சேரும்போதே அறம் நிறைவு பெறுகிறது என்பது அடியேனின் பணிவான கருத்து.