ஆவணப்படமும் ஆசான் வழிக் கல்வியும்

விவரணப்படம், ஆவணப்படம், செய்திப்படம், குறும்படம் என்று நான்கு சொற்களைத் தமிழில் மாற்றி மாற்றிப் புழங்குகிறோம். நான்கும் ஒன்றல்ல. குறும்படம் என்பது நீளத்தைக் குறிப்பது. கதைப்படமும் குறும்படமாக இருக்கலாம். செய்திப்படம் நேற்று நடந்ததை இன்று சொல்வது. ஆவணப்படம் என்பது நிஜ மனிதர்களையும் நிஜ இடங்களையும் வைத்துக்கொண்டு, எடுப்பவர் தம் பார்வையில் கட்டுகிற படம். விவரணப்படம் என்பது அதற்கே இன்னொரு பெயர். நம் தலைமுறைக்கு இதில் குழப்பம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஊரில் கொட்டகைக்குப் போனால் மெயின் படத்துக்கு முன்னால் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் ஓடும். வெள்ளம், அணைக்கட்டு, பிரதமர் ரிப்பன் வெட்டுவது. பாதிப் பேர் அப்போதுதான் முறுக்கு வாங்க வெளியே போவார்கள். 1948ல் தொடங்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த படங்கள் அவை. அவற்றிலேயே அருமையான ஆவணப்படங்களும் இருந்தன என்பது முறுக்கு வாங்கப் போனவர்களுக்குத் தெரியாது.

தில்லியில் முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சங்க விழாக்களில் என்னைப் பிடித்துக்கொள்ளும் பெற்றோர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், பொண்ணு டாக்குமென்டரி எடுக்கணுங்கறா. எந்தக் காலேஜ்ல சேக்கலாம்?" கல்லூரிகளின் பெயரைச் சொல்லுவேன். பூனாவில் 1960 முதல் இயங்கும் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. இங்கே ஜாமியாவில் 1982ல் ஏற்பட்ட மாஸ் கம்யூனிகேஷன் மையம் இருக்கிறது. ஆனால் பாதி பதில்தான் அது. மீதிப் பாதி, அந்தப் பெண் யாருக்குப் பின்னால் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நிற்கப் போகிறாள் என்பது. கர்நாடக சங்கீதத்தில் 'யாரிடம் பாடம்?' என்று கேட்கிறோமே, அதே கேள்வி இங்கும் பொருந்தும்.

சரித்திரத்தைப் பார்த்தால் இது விளங்கும். ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் 'மோனா' என்ற படத்தைப் பற்றி 1926ல் ஒரு நியூயார்க் பத்திரிகையில் எழுதியபோதுதான் ஜான் கிரியர்சன் 'டாக்குமென்டரி' என்ற சொல்லை இந்த வகைப் படத்துக்குச் சூட்டினார். ஸ்காட்லாந்துக்காரரான அவர் தாமே இயக்கிய படங்கள் மிகக் குறைவு. ஆட்களை உருவாக்குவதே அவருடைய வேலையாயிற்று. 1939ல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் அமைந்தபோது அவர் அதன் தலைவரானார். அங்கே சேர்ந்த முதல் இளைஞர்களில் ஒருவர் ஜேம்ஸ் பெவரிட்ஜ். பெவரிட்ஜ் 1950களில் இந்தியாவுக்கு வந்து பர்மா ஷெல் கம்பெனிக்காகப் படங்களைத் தயாரித்தார். பிற்காலத்தில் டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் திரைப்படத் துறையை ஏற்படுத்தினார். ஜாமியா மையம் அந்தப் பல்கலைக்கழகத்தின் கூட்டுறவோடு உருவானபோது மறுபடி இங்கே வந்து கற்றுக் கொடுத்தார். அந்த மையத்தில் படித்தவர்கள்தான் 'ரைட்டிங் வித் ஃபயர்' எடுத்த ரிந்து தாமஸும் சுஷ்மித் கோஷும். 'ஆல் தட் பிரீத்ஸ்' எடுத்த ஷௌனக் சென்னும். முன்னது 2022லும் பின்னது 2023லும் ஆஸ்கர் இறுதிப் பட்டியலுக்குப் போயின. கிரியர்சன் தொடங்கி வஜீராபாத்தில் பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் சகோதரர்கள் வரை நாலைந்து கை மாறி வந்த வித்தை இது.

இன்னொரு கிளையும் உண்டு. ஜெர்மனியின் பெரிய ஸ்டூடியோ ஒன்றில் வேலை பார்த்த பால் ஜில்ஸ் என்பவர் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு இந்தியாவில் சிறை வைக்கப்பட்டார். போர் முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல் பம்பாயில் படம் எடுக்க உட்கார்ந்துவிட்டார். அவரிடம் தொழில் கற்றவர் எஸ். சுக்தேவ். வர்ணனைக் குரலே இல்லாமல் ஒரு தேசத்தைக் காட்டிய 'இந்தியா 67' சுக்தேவ் எடுத்தது. எதிரி நாட்டுக் கைதி ஒருவரிடமிருந்து ஒரு பஞ்சாபிப் பையனுக்கு இது வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

நம்மவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கோட்டையூர் ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2ம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது, காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. உலகம் முழுக்கச் சுமார் ஒரு லட்சம் மைல் அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த 50,000 அடி ஃபிலிமைத் திரட்டி 1940ல் படத்தை வெளியிட்டார். அடுத்த தலைமுறையில், இயக்குநர் கே. சுப்ரமணியத்தின் மகன் எஸ். கிருஷ்ணசுவாமி அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எரிக் பார்னோவிடம் படித்தார். ஆசிரியரும் மாணவருமாகச் சேர்ந்து எழுதிய இந்திய சினிமா வரலாறு 1963ல் வந்தது. மாணவரின் பெயரைத் தம் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்ட ஆசிரியர் பார்னோ. இந்த ஒரு விஷயத்துக்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

சரி, அப்படி என்னதான் கற்றுக் கொடுக்கிறார்கள்? புத்தகத்தில் இல்லாததா?

நான் சேர்ந்தது சித்தரஞ்சன் பார்க்கில் குடியிருந்த ஒரு வங்காளி காமிராக்காரரிடம். எல்லோரும் 'தாதா' என்போம். (வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். பம்பாய்வாசிகள் வேறு பொருள் கொள்ள வேண்டாம்.) முதல் நாலு மாதம் காமிராவைத் தொட விடவில்லை. காதில் ஹெட்ஃபோன், கையில் ஒரு நோட்டு. எந்த ரோலில், எந்த நேரத்தில், யார் என்ன சொன்னார் என்று ஒவ்வொரு ஷாட்டையும் எழுத வேண்டும். ராத்திரி அதை வாசித்துக் காட்ட வேண்டும். குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும். படத்தொகுப்பு மேஜைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, மொத்தப் படமும் அந்த நோட்டுக்குள் இருந்தது.

ஒலியைப் பற்றிய பாடமும் அப்படித்தான். ஒருவரிடம் பேட்டி எடுத்து முடித்ததும் எல்லோரும் எழுந்து சாமான்களைக் கட்டத் தொடங்குவார்கள். தாதா கையை உயர்த்துவார். ஒரு நிமிஷம் யாரும் அசையக்கூடாது, அந்த அறையின் மௌனத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஃபேன் சத்தம், தெருவில் போகும் சைக்கிள், பக்கத்து வீட்டுக் குக்கர் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த மௌனம். ஒவ்வோர் அறைக்கும் அது வேறு. பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் அந்த அறையின் மௌனத்தை நிரப்பாவிட்டால், வெட்டிய இடம் பல்லில் கல் மாதிரி தெரியும்.

அந்தக் காலத்தில் 16 எம்.எம். ஃபிலிம். 400 அடிச் சுருள் ஒன்று பதினோரு நிமிஷம் ஓடும், அவ்வளவுதான். ஆகவே எப்போது பொத்தானை அழுத்துவது என்பதே பெரிய வித்தை. குர்ஜாவில் பீங்கான் செய்பவர்களைப் படம் எடுக்கப் போனபோது தாதா இரண்டு நாள் காமிராப் பையைத் திறக்கவே இல்லை. டீ குடித்தார், மண் பிசைவதைப் பார்த்தார், ஒரு கிழவரோடு முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காமிராவை வெளியே எடுத்தபோது அங்கே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று கார்டில் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதனால்தான் என்னிடம் வருகிறவர்களுக்கு, ஒரு நாளைக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் எடுக்காதே என்று முதல் மாதம் கட்டுப்பாடு வைக்கிறேன். முணுமுணுப்பார்கள். இரண்டாவது வாரத்தில் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

பேட்டியில் பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குப் பாயக்கூடாது என்பதும் அவரிடம் கற்றதே. மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். ஏழு, எட்டு வரும்போது எதிரே இருப்பவர் தானாகவே மறுபடி பேசுவார். உண்மையில் சொல்ல நினைத்தது அப்போதுதான் வரும். இதை வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தப் பத்து எண்ணிக்கை எவ்வளவு நீளம் என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

இனி, பெற்றோர்கள் கேட்கத் தயங்குகிற பணம் காசு விஷயம். குருகுலம் என்ற பெயரில் இந்தத் தொழிலில் சுரண்டலும் நிறைய நடக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. எட்டு மாதம் சம்பளமில்லாமல் வேலை வாங்கிவிட்டு, படம் முடிந்ததும் டைட்டிலில் பெயரைக்கூடப் போடாமல் விடப்பட்ட ஒரு பையனை எனக்குத் தெரியும். அவன் இப்போது குர்காவில் கால் சென்டரில் இருக்கிறான். ஆகவே மூன்று விஷயங்களை முதல் நாளே பேசிக்கொள்ளச் சொல்லுங்கள்: போக்குவரத்தும் சாப்பாடும் யார் பொறுப்பு, எத்தனை மாதத்துக்குப் பிறகு சம்பளம், டைட்டிலில் என்ன பெயர். வாய்ப் பேச்சாக விடாமல் ஒரு ஈமெயிலாவது இருக்கட்டும். பெண் குழந்தையானால், வெளியூர் ஷூட்டிங்கில் குழுவில் வேறு பெண்கள் இருக்கிறார்களா, தங்கும் இடம் எது என்று நேரில் போய்க் கேளுங்கள். கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளும் ஆசிரியர் நமக்கு வேண்டாம்.

சீடன் குருவின் நகலாகிவிடும் ஆபத்தும் உண்டு. தாதாவின் சிஷ்யர்கள் பலர் இன்றும் அவர் மாதிரியே ஜன்னல் ஓரத்தில் ஆளை உட்கார வைத்துத்தான் பேட்டி எடுக்கிறார்கள். ஒரே ஆசானிடம் ஐந்து வருஷம் இருப்பதைவிட, இரண்டு பேரிடம் இரண்டிரண்டு வருஷம் இருப்பது மேல் என்பது என் கட்சி.

இரண்டு வருஷத்துக்கு முன் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள் என்னிடம் வந்தாள். கல்லூரியில் பொருளாதாரம் படித்தவள். கையில் ஒரு நல்ல செல்போன், நூறு ரூபாய் மைக். ஜங்புராவில் பாராபுல்லா நாலாவை ஒட்டியிருந்த மதராஸி கேம்ப்பைப் படம் எடுக்க வேண்டும் என்றாள். அறுபதுகளிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே இருந்ததை நம்மில் பலர் அறிவோம். நம் வீடுகளில் வேலை செய்தவர்கள் பலர் அங்கிருந்துதான் வந்தார்கள். நாம் எத்தனை பேர் அங்கே போயிருப்போம் என்பது வேறு விஷயம்.

முதல் மூன்று வாரம் போனைப் பைக்குள்ளேயே வைக்கச் சொன்னேன். அவள் தினமும் போய் ஒரு பாட்டியோடு உட்கார்ந்து வந்தாள். "அங்கிள், பாட்டி எல்லாம் சொல்றாங்க, ஆனா ரெக்கார்ட் பண்ணவான்னு கேட்டா வேண்டாங்கறாங்க" என்றாள். "ஏன்னு கேட்டியாம்மா?" என்றேன். கேட்கவில்லை. மறுநாள் கேட்டிருக்கிறாள். பாட்டி சொன்ன பதிலை என்னிடம் அப்படியே ஒப்பித்தாள்: "கண்ணு, இங்க இருந்து நான் ஊருக்குக் காசு அனுப்பி ரெண்டு பேத்திக்குக் கல்யாணம் பண்ணியிருக்கேன். நாலாக் கரையில இருக்கேன்னு சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது. நீ படம் புடிச்சா தெரிஞ்சு போவும்."

இந்த மாதிரி இடத்தில்தான் ஆசான் தேவைப்படுகிறது. முகம் காட்டாமல் கைகளை மட்டும் எடுக்கலாமே என்றாள் அவள். குரலை வைத்தே உறவுக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றேன். கையெழுத்து வாங்கிவிட்டால் சட்டப்படி சரிதானே என்றாள். ஒப்புதல் கடிதம் தயாரிப்பாளரைக் காப்பாற்றும், பாட்டியைக் காப்பாற்றாது என்றேன். கடைசியில் அந்த வீட்டை விட்டுவிட்டு, அந்தத் தெருவின் காலை நேரத்தை மட்டும் பதிவு செய்தாள். நாலு மணிக்குத் தண்ணீர்க் குடம் வரிசை, இட்லிப் பானை ஆவி, பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைகள் தமிழிலிருந்து ஹிந்திக்கு மாறும் அந்தத் தெருமுனை.

2025 ஜூன் 1ம் தேதி, உயர்நீதிமன்ற உத்தரவின்படி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். தகுதி உண்டு என்று கணக்கெடுக்கப்பட்டவர்களுக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி நரேலாவில் ஃபிளாட். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அன்றைக்கு டி.வி. காமிராக்கள் நிறைய வந்திருந்தன, புல்டோசரைத்தான் எடுத்தன. இவள் அன்று ஷூட் செய்யவில்லை. பாட்டியின் பீரோவைத் தூக்கிக்கொண்டிருந்தாள். இடிபடுவதற்கு முன்னால் அந்தத் தெருவில் என்ன சத்தம் கேட்டது என்பது இவளிடம் இருக்கிறது: 31 மணி நேரம், இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று அவள் வீட்டில், மற்றொன்று என் அலமாரியில். (எல்லாவற்றையும் இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு வீட்டில் வைக்க வேண்டும். இதையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

முடிக்கும் வழி எது என்று கேட்பீர்கள். ஃபிலிம்ஸ் டிவிஷன் 2022ல் என்.எஃப்.டி.சி.யோடு இணைக்கப்பட்டுவிட்டது. அது 1990ல் தொடங்கிய மும்பை ஆவணப்பட விழா இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. கொல்கத்தாவில் 2004ல் தொடங்கிய டாக்எட்ஜ் என்ற அரங்கில், பாதி முடிந்த படத்தை எடுத்துப் போய் அனுபவசாலிகளோடு உட்கார்ந்து சீர் செய்வார்கள். மதுரையில் அமுதன் ஆர்.பி. 1998 முதல் நடத்திவரும் விழாவில் எளிய சாதனங்களால் எடுத்த படங்களுக்கும் இடமுண்டு. ஆர்.வி. ரமணியின் படங்களைத் தேடிப் பாருங்கள். தோல்பாவைக் கலைஞர்களைப் பற்றிய அவரது 'நீ எங்கே'யில் காமிரா எவ்வளவு பொறுமையாக நிற்கிறது என்று பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பெண் இப்போது படத்தொகுப்புக்கு முந்தைய வேலையில் இருக்கிறாள். ஒவ்வொரு காட்சியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, வீட்டுச் சுவரில் ஒட்டி இடம் மாற்றிப் பார்க்கிற வேலை. அவள் அம்மாவுக்குச் சுண்ணாம்பு போவது பற்றிக் கவலை. போன மாதம் நரேலாவுக்குப் போனபோது பாட்டி, "எம் பேரு வராம, என் தெரு மட்டும் வருமா கண்ணு?" என்று கேட்டிருக்கிறார். முழுப் படத்தையும் முதலில் அவருக்குப் போட்டுக் காட்டுவதாகச் சொல்லி வந்திருக்கிறாள். அவர் வேண்டாம் என்று சொன்னால் எந்தக் காட்சிகளை எடுத்துவிடுவது என்று எங்களுக்குள் இன்னும் வாதம் நடந்துகொண்டிருக்கிறது.