‘உயிருள்ளது போல’ என்னும் தொடரும் ஒரு சிற்பமும்

சிற்பமொன்றைப் பாராட்ட முற்படும்போது நம் நாவில் முதலில் வந்து நிற்பது ‘உயிருள்ளது போலவே இருக்கிறது’ என்னும் தொடராகும். அடுத்து வருவது ‘தத்ரூபம்’. மாணவர்தம் கட்டுரைகளிலும் இவ்விரண்டுமே மாறி மாறி வருகின்றன. இச்சொற்கள் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை ஒரு கண்காட்சியை முன்வைத்துக் காண்போம்.

1997ஆம் ஆண்டு இலண்டன் இராயல் அகாடமியில் ‘சென்சேஷன்’ என்னும் கண்காட்சி நடைபெற்றது. சார்ல்ஸ் சாச்சியின் சேகரிப்பிலிருந்த இளம் பிரித்தானியக் கலைஞர்களின் படைப்புகள் அங்கு இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று ரான் மியூக் சிலிக்கோன் முதலிய பொருள்களால் செய்த ‘இறந்த தந்தை’. ஆடையின்றி மல்லாந்து கிடக்கும் ஒரு முதியவரின் உடல் அது. தோலின் நிறத்திலும் மடிப்பிலும் பிசகில்லை. முடிக்குச் சிற்பி தம் தலைமுடியையே பயன்படுத்தினார். ஆயினும் உருவத்தின் நீளம் 102 செண்டிமீட்டர்தான். இயல்பான உடலளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு.

இதனை ‘உயிருள்ளது போல’ என்று கூறினால், சிற்பி காட்ட விரும்பியதையே மறுத்தவராவோம். அவர் வடித்தது உயிர் நீங்கிய உடலை. ‘தத்ரூபம்’ என்பதும் பொருந்தாது. அச்சொல்லுக்கு ‘அதே உருவம்’ என்று பொருள். இங்கோ அளவு வேண்டுமென்றே குறைக்கப்பட்டுள்ளது. அக்குறையே பார்ப்பவரைக் குனிய வைக்கிறது. இறந்தவரைக் குழந்தையாக்கியும் காட்டுகிறது. நம்மிடமுள்ள ‘மெய்’ என்னும் சொல் இவ்விடத்தில் கைகொடுக்கும். உடலையும் உண்மையையும் ஒருங்கே சுட்டும் சொல் அது. (உயிரின்றித் தனித்து நிற்கும் எழுத்துக்கும் அதுவே பெயர் என்பதை இலக்கண ஆசிரியர்க்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.)

அதே கண்காட்சியில் ரிச்சர்டு பில்லிங்காம் எடுத்த ஒளிப்படங்களும் இருந்தன. குடிப்பழக்கத்துக்கு ஆட்பட்ட தம் தந்தையையும், தாயையும் அவர் வீட்டுக்குள்ளேயே படமெடுத்தார். ஓவியம் தீட்டுவதற்கு உதவும் என்றே அவற்றை எடுக்கத் தொடங்கினார். ஒளிப்படத்தை நாம் ‘தத்ரூபம்’ என்று வியப்பதில்லை. படத்தில் விரல் வைத்து, ‘இது என் அப்பா’ என்கிறோம். ‘போல’ என்னும் உருபு அங்கு வருவதேயில்லை. சிற்பத்தை மட்டும் ‘அப்பாவின் சிலை’, ‘அப்பாவைப் போல’ என்று ஓரடி தள்ளியே வைக்கிறோம்.

மியூக்கின் உருவத்தருகே நின்று ‘இது அவர் தந்தை’ என்பதா, ‘தந்தையைப் போன்றது’ என்பதா? இவ்வினாவை வகுப்பில் எழுப்பிப் பாருங்கள். ‘தத்ரூபம்’ என்று எழுதிவிட்டு மாணவர் எழுந்து போக இயலாது.