எருவுக்கு முன்னால் ஜிப்சம்

திருச்சி மன்னார்புரத்திலிருந்து மதுரை சாலையில் தெற்கே போனால் மணிகண்டம் வட்டாரம். காவிரி வண்டல் படிந்த ஸ்ரீரங்கம், ஜீயபுரம் வாழைத் தோட்டங்கள் இங்கிருந்து வெகு தூரமில்லை, மண்தான் வேறு. இங்கே பல வயல்களில் மழை விட்டு நாலு நாளானாலும் தண்ணீர் உள்ளே இறங்காமல் கலங்கியே நிற்கும். வெயில் ஏறினால் மேல்மண் ஓடுபோல் இறுகிவிடும். விதைத்தது முளைக்கத் திணறும். இதுதான் களர் நிலம்.

இயற்கை விவசாயத்துக்கு மாறுகிறவர்கள் முதலில் தேடுவது தொழுவுரம், மண்புழு உரம், பஞ்சகவ்யம். மூன்றும் நல்லவை. ஆனால் களரில் அவற்றை மட்டும் நம்பி இறங்கினால் பணமும் உழைப்பும் வீணாகும்.

காரணம் சோடியம். களித்துகள்களில் ஒட்டியிருக்கும் சத்துகளில் சோடியத்தின் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டி, மண்ணின் பி.எச். அளவு 8.5-க்கு மேல் போனால் அதைக் களர் என்கிறார்கள். சோடியம் மிகுந்த களி, தண்ணீர் பட்டதும் பிரிந்து சிதறி மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்கிறது. வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. எருவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களும் அங்கே பெருகுவதில்லை.

இந்த மண்ணின் நடுவிலேயே, நவலூர் குட்டப்பட்டில், அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. களரைத் தாங்கி வளரும் டி.ஆர்.ஒய். 1, டி.ஆர்.ஒய். 3 நெல் ரகங்கள் திருச்சியில் உருவானவை. பாரம்பரிய ரகங்களே வேண்டும் என்பவர்களுக்குக் களர்பாலை, குழியடிச்சான் உண்டு. ஆனால் தாங்கும் ரகம் மண்ணைத் திருத்தாது. அதற்கு ஜிப்சம் வேண்டும்.

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அதன் கால்சியம் களித்துகளில் ஏறி உட்கார, சோடியம் விடுபட்டு நீரில் கரையும் உப்பாகிறது. அந்த நீரை வெளியேற்றினால்தான் வேலை முடியும். அதனால் வயலைச் சிறு பாத்திகளாகப் பிரித்துச் சமப்படுத்தி, வடிகால் வெட்டிய பிறகே ஜிப்சம் தூவ வேண்டும். தண்ணீர் கட்டி, சேறாக உழுது, சில நாள் நிறுத்தி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாத வயலில் கொட்டிய ஜிப்சம் பயன் தராது. எவ்வளவு தேவை என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். பக்கத்து வயல்காரரின் அளவு உதவாது. வெட்டியெடுத்த இயற்கை ஜிப்சத்தை அங்ககத் தர விதிகள் அனுமதிக்கின்றன. உரத் தொழிற்சாலைக் கழிவாக வரும் ஜிப்சம் அல்ல என்பதை மட்டும் கேட்டு உறுதிசெய்து வாங்க வேண்டும்.

அடுத்த வேலை பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டுக்கு. ஏக்கருக்கு 20 கிலோ விதை. களரையும் தேங்கும் நீரையும் இது சகித்துக்கொள்ளும். சணப்பு அவ்வளவு தாங்காது. தக்கைப்பூண்டு வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்க்கிறது. 45 நாளில், பூக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். தள்ளிப்போட்டால் தண்டில் நார் முற்றி, மக்க வெகு நாளாகும். மக்கும்போது வெளியாகும் கரியமில வாயு, மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கிறது. ஜிப்சம் தொடங்கியதைப் பசுந்தாள் தொடர்கிறது. தொழுவுரமும் மண்புழு உரமும் பலன் கொடுப்பது இதற்குப் பிறகுதான்.

நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தவறும் உண்டு. இயற்கையானது என்பதால் அடுப்புச் சாம்பலை எல்லா வயலுக்கும் போடுகிறார்கள். சாம்பல் காரத்தன்மை உடையது, களருக்கு ஆகாது. அதேபோல, நீலகிரியின் அமிலத்தன்மையுள்ள தேயிலை மண்ணுக்குச் சுண்ணாம்பு நல்லது; மணிகண்டத்துக்கு அது தேவையில்லை. காவிரிக் கரை வாழைத் தோட்டத்தின் தேவை இன்னொன்று. வாழை சாம்பல்சத்தை ஏராளமாக உறிஞ்சும். குலை வெட்டியபின் தண்டை எரிக்காமல் நறுக்கி மக்கவைத்தால், எடுத்த சத்தில் பெரும்பகுதி நிலத்துக்கே திரும்பும்.

தமிழக அரசு 2024-இல் அறிவித்த 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதை வழங்குவதும் சேர்ந்திருக்கிறது. சம்பா நடவுக்கு முன் தக்கைப்பூண்டு 45 நாள் வளர்ந்து, மக்கவும் நாள் வேண்டும் என்பதால் விதையை முன்கூட்டியே கேட்டு வாங்குவது நல்லது. ஆழ்துளைக் கிணற்று நீரையும் மண்ணோடு சேர்த்துப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். பாய்ச்சும் தண்ணீரிலேயே சோடியம் மிகுந்திருந்தால், திருத்திய வயல் சில பருவங்களில் மறுபடி களராகிவிடும்.