மினாங்கபாவ்: தாய்வழிச் சொத்தும் மார்க்கப் பங்கும்

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், இந்தியப் பெருங்கடலை நோக்கிய கரையில் இருக்கிறது மேற்கு சுமத்ரா மாகாணம். தலைநகர் பாடாங். கரையை அடுத்தே மலைத்தொடர் எழுகிறது. உள்ளே மராப்பி எரிமலை, மனிஞ்சாவ் ஏரி, நெல்வயல்கள். பெரும்பான்மையினர் மினாங்கபாவ் முஸ்லிம்கள். நம் கடற்கரை ஊர்களைப் போல ஷாஃபிஈ மத்ஹபினர். இந்திய முஸ்லிம் வணிகர்கள் பாடாங்கில் எழுப்பிய முஹம்மதன் பள்ளிவாசலில், நாகூர் ஷாஹுல் ஹமீது அவர்களின் நினைவாக ஜமாதுல் ஆகிர் மாதம் சர்க்கரை முடிச்சுகளை வீசும் வழக்கம் இன்றும் உண்டு. (அது கூடுமா என்பது தனிப் பேச்சு.)

இவர்களைப் பற்றிக் கேள்விப்படுவோர் முதலில் கேட்பது வேறு: முஸ்லிம்களாக இருந்துகொண்டு, நிலமும் வீடும் பெண்வழியில் மட்டும் போகலாமா?

இவர்களின் குலம் தாய்வழி. பூர்வீக நிலமும், கொம்பு போல் கூரை வளைந்த பெரிய வீடும் தாயிடமிருந்து மகள்களுக்குப் போகும். மேற்பார்வை தாய்மாமனுக்கு. மாப்பிள்ளை பெண்வீட்டில் தங்குவார்; காயல்பட்டினத்தாருக்கு இது புதிதல்ல. பையன்கள் முன்பு 'சூராவ்' எனும் தொழுகைக்கூடத்தில் தங்கி ஓதி, பிறகு பிழைப்புக்கு வெளியூர் போனார்கள். நாடெங்கும் பாடாங் சாப்பாட்டுக் கடைகள் இருப்பது அப்படித்தான்.

இந்த வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தவர் அவர்களிலேயே ஒருவர். மக்கா ஹரமில் ஷாஃபிஈ இமாமாக இருந்த ஷெய்கு அஹ்மத் கதீப் (1860-1916), இது உரியவரின் பங்கைப் பறிப்பது என்று எழுதினார். அவருடைய மாணவர் ஹாஜி அப்துல் கரீம் அம்ருல்லாஹ் சொத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். இவர் தஃப்ஸீர் அல்அஸ்ஹர் எழுதிய ஹம்காவின் தந்தை. தலைமுறைகளாக வந்த குல நிலம் எந்தத் தனி மனிதருக்கும் சொந்தமில்லை. எனவே அது வக்ஃபைப் போன்றது, பங்கிட முடியாது. ஒருவர் தாமே சம்பாதித்ததோ குர்ஆன் சொன்னபடி பிள்ளைகளுக்கும் மற்ற வாரிசுகளுக்கும் பங்கிடப்பட வேண்டும். 1952இல் புக்கிட்டிங்கியில் கூடிய ஆலிம்களும் குலத்தலைவர்களும் இதையே ஏற்றார்கள்.

நமக்கு இது பொருத்தமான விளக்கமாகவே படுகிறது. ஆனால் தந்தை தம் சம்பாத்தியத்தில், மனைவியின் குல நிலத்தில் வீடு கட்டிவிட்டு மவுத்தானால்? மண் குலத்துடையது, கல்லும் மரமும் அவருடையது. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.