விருந்தினர் கையில் வண்டிச் சாவி

ஆனேக்கல் வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இலங்கையிலோ உறவினர் இருப்பர். விடுமுறையில் வரும் அவர்கள் பன்னேர்கட்டா பூங்காவிற்கும், அத்திப்பள்ளியைக் கடந்து ஓசூருக்கும் சென்றுவர நம் வீட்டுக் காரைக் கேட்பது இயல்பு. அண்மையில் எங்கள் கிளைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், "மலேசியாவிலிருந்து மருமகன் வருகிறார். பத்தாண்டுகளாகக் கார் ஓட்டுபவர். உங்கள் கடனில் வாங்கிய வண்டியை அவரிடம் கொடுக்கலாமா?" என்று வினவினார். இவ்வினா பலருக்கும் எழக்கூடியது என்பதால் விடையை இங்கே விளக்குகிறோம்.

நாட்டிற்குள் நுழைய

கடவுச்சீட்டு, இந்தியாவில் வந்திறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். விசா தேவை. 2014-இல் தொடங்கிய இ-விசா முறையில் இணையவழியே விண்ணப்பித்து, அனுமதியின் அச்சுப்படியை உடன் கொண்டுவரலாம். ஓ.சி.ஐ. அட்டை உடையோருக்கு விசா வேண்டியதில்லை. எனினும் அயல்நாட்டுக் கடவுச்சீட்டை அட்டையுடன் வைத்திருக்க வேண்டும். அயல்நாட்டவரை வீட்டில் தங்கவைப்போர், அச்செய்தியை 24 மணி நேரத்திற்குள் அயல்நாட்டினர் பதிவு அலுவலகத்திற்கு இணையவழியே தெரிவிக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

வண்டி ஓட்ட

விசாவோ ஓ.சி.ஐ. அட்டையோ வண்டி ஓட்டும் உரிமையைத் தருவதில்லை. சுற்றுலா வருவோர் இங்கு ஓட்டுவதற்குச் சொந்த நாட்டு உரிமத்துடன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வைத்திருக்க வேண்டும். 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையே இதற்கு அடிப்படை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகள் அதில் இணைந்துள்ளன. இவ்வனுமதி ஓராண்டுக்குச் செல்லும். இது மூல உரிமத்திற்குத் துணையேயன்றி மாற்றன்று. ஆகவே இரண்டும் கையில் இருத்தல் வேண்டும்.

இதில் பலர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. உரிமம் வழங்கிய நாடே இவ்வனுமதியையும் வழங்க இயலும். மலேசியாவில் சாலைப் போக்குவரத்துத் துறையும், சிங்கப்பூரில் ஆட்டோமொபைல் அசோசியேஷனும் வழங்குகின்றன. பெங்களூரு வந்திறங்கிய பின் இங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தை நாடிப் பயனில்லை. விமானச் சீட்டு எடுக்கும்போதே உறவினருக்கு இதை நினைவூட்டுங்கள்.

அனுமதியில் எந்த வகை வண்டிக்கு முத்திரை உள்ளது என்பதையும் பார்க்க வேண்டும். ஏ பிரிவு மோட்டார் சைக்கிளுக்கும், பி பிரிவு காருக்கும் உரியவை. பி முத்திரை மட்டும் உடையவர் கடைத்தெருவுக்கென்று நம் ஸ்கூட்டரை எடுத்துச் செல்வதும் உரிமமின்றி ஓட்டுவதற்கு ஒப்பாகும்.

எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா நிறுவனங்களில் பணிபுரிய நெடுநாள் விசாவில் வருவோர், கடவுச்சீட்டு, விசா, முகவரிச் சான்று ஆகியவற்றுடன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து இந்திய உரிமம் பெறுவதே நன்று.

உரிமையாளரின் பொறுப்பு

மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுபவரை மட்டுமன்றி, சாவியைக் கொடுத்தவரையும் கேள்வி கேட்கிறது. உரிமமற்றவரை ஓட்ட அனுமதிக்கும் உரிமையாளருக்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 5,000 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இதனினும் பெரிய சுமை காப்பீட்டில் உள்ளது. வண்டியை ஓட்டியவர் செல்லத்தக்க உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை ஒவ்வொரு பாலிசியிலும் அச்சிடப்பட்டிருக்கும். அது மீறப்பட்டால் நம் வண்டியின் சேதத்திற்கான கோரிக்கை மறுக்கப்படலாம். விபத்தில் பாதிக்கப்பட்டோருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு செலுத்திய போதிலும், அத்தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலிக்க நீதிமன்றம் இடமளிப்பதுண்டு. வண்டி நொறுங்கிக் கிடந்தாலும் கடன் தவணை நிற்பதில்லை.

ஆகவே சாவியைக் கொடுக்குமுன் கடவுச்சீட்டும் விசாவும், சொந்த நாட்டு உரிமம், பன்னாட்டு அனுமதி ஆகியவற்றைப் பாருங்கள். வண்டியின் பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றையும் உடன் கொடுத்தனுப்புங்கள். ஒன்று குறைந்தாலும் ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். ஒரு நாள் கூலி, ஒரு விபத்தின் விலைக்கு முன் மிகச் சிறியது. அந்த வாடிக்கையாளரும் எங்கள் மேசையிலிருந்தே மருமகனைத் தொலைபேசியில் அழைத்தார். அனுமதி பெற்றுக்கொண்டு புறப்பட இன்னும் இரு வாரங்கள் இருந்தன.